‘நாங்கள் ஒழுங்காக வந்தனாங்கள்’: கனடாவில் எங்கள் வீட்டுக்குள் நடக்கும் சண்டை

வாசகர் ஒருவர் எழுதியது, 2025 ஜூன் 7

நான் 2019இல் புள்ளி முறையில் குடும்பத்தோடு வந்தவன். சோதனை எழுதி, காசு கட்டி, எங்கள் முறை வரும்வரை காத்திருந்து வந்தோம். இப்போது விசிற்றர் விசாவில் வந்து இறங்கிவிட்டு அகதி என்று கேட்கிறவர்களால் எங்கள் எல்லோருக்கும் பெயர் கெடுகிறது. 80களிலும் 90களிலும் வந்த தமிழர்கள் சட்டப்படி வந்து, உழைத்து, மரியாதை தேடியவர்கள். இவர்கள் அப்படியா?

2025 ஜூன் 8, ஞாயிறு இரவு

மேலே எழுதிய வாசகருக்கு என் பதில் இது. 80களில் வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

1986 ஆகஸ்ட் 11. நியூபவுண்ட்லாந்தில் சென்ற் ஷொட்ஸ் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர். கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுக்காரர் கண்டு, தன் படகில் ஏற்றி உயிர் காத்தார். இந்தியாவில் இருந்து வந்தோம் என்றுதான் அவர்கள் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியில் கப்பல் ஏறியவர்கள் என்பது சில நாளிலேயே வெளியே வந்துவிட்டது. நீங்கள் இன்று சொல்கிற அதே குற்றச்சாட்டு அன்றைக்கு அவர்கள் மீது விழுந்தது: பொய் சொன்னார்கள், மற்றவர்களை முந்திக்கொண்டு வந்தார்கள். அப்போதைய பிரதமர் பிரையன் மல்ரோனி அந்த 155 பேரையும் திருப்பி அனுப்ப மறுத்தார். இருக்கவும் வேலை செய்யவும் ஒரு வருட அனுமதி கொடுத்தார்கள். ரொறொன்ரோ, மொன்ரியால் தமிழ்ச் சமூகத்தின் பழைய ஆட்களில் அந்தப் படகுகளில் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

என் கணவர் 1990இல் வந்தவர். கரவெட்டியில் இருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் ஏஜென்சிக்காரன் எப்போது கூப்பிடுவான் என்று பார்த்துக்கொண்டு கிடந்தார். மாமியின் தாலிக்கொடி அடகில், காணியில் ஒரு துண்டு விற்றாயிற்று. கடைசியில் தலை மாற்றின பாஸ்போட் ஒன்று கிடைத்தது. யாரோ ஒரு மலேசியத் தமிழரின் பாஸ்போட், படம் மட்டும் இவருடையது. அதில் இருந்த பெயரையும் பிறந்த திகதியையும் இன்றைக்கு நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் தடுக்காமல் சொல்வார். நியூயோர்க்கில் இறங்கி, பஸ் பிடித்து பஃபலோ போய், எல்லையில் உள்ள பீஸ் பிரிட்ஜ் பாலத்தைக் கடந்து, கனடாப் பக்கம் ஃபோர்ட் ஈரியில் “நான் அகதி” என்றார். அடுத்த வருடம் ஹியரிங், அதாவது நேரடி விசாரணை. ஏற்றுக்கொண்டார்கள்.

இவரையும் நீங்கள் ‘சட்டப்படி வந்து மரியாதை தேடியவர்’ பட்டியலில் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அதே இரவு, கொஞ்சம் பிந்தி

பொய்ப் பாஸ்போட்டில் வந்தது குற்றம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உயிருக்குத் தப்பி வந்தவரை, நுழைந்த விதத்துக்காகத் தண்டிக்கக் கூடாது என்று 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 31ஆவது பிரிவு சொல்கிறது. கனடா அதில் சேர்ந்தது 1969இல். கனடாவின் இன்றைய குடிவரவுச் சட்டத்திலும் 133ஆவது பிரிவு அதையே சொல்கிறது: கோரிக்கை முடியும்வரை பொய்ப் பத்திரத்துக்காக வழக்குப் போட முடியாது, ஏற்றுக்கொண்டால் பிறகும் முடியாது.

அகதிக்கு வேறு வழி இல்லை என்பதால் வந்த விதி இது. ஒப்பந்தத்தின்படி சொந்த நாட்டுக்கு வெளியே நிற்பவர்தான் அகதி. கனடாவில் ஒரு சொந்தமும் இல்லாத கரவெட்டிப் பொடியன் ஒருவன் 1990இல் கொழும்பில் உள்ள கனடா உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போய் எந்தப் படிவத்தை நிரப்பியிருப்பான்?

ஜூன் 10

தம்பி இதை வாசித்துவிட்டுக் கோல் எடுத்தான். நல்ல கோபம். “அத்தானை ஏன் எல்லாருக்கும் முன்னால கொண்டுவந்து நிப்பாட்டுறாய்?” என்று தொடங்கினான். அத்தான், அதாவது என் கணவர், பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுதச் சொன்னதே அவர்தான்.

தம்பி மொறட்டுவையில் படித்த எஞ்சினியர். 2015இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறை தொடங்கிய பிறகு அதில் வந்தவன். ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலச் சோதனை, பட்டத்துக்குச் சான்று, பொலிஸ் ரிப்போட், வங்கிக் கணக்கில் காட்டக் காசு, எல்லாம் ஒழுங்கு. அவன் தன் பாதையைப் பற்றிப் பெருமைப்படுவதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அவன் கஷ்டப்பட்டுப் படித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஆனால் அந்தப் பாதையைப் போட்டது யார் என்று பார்க்க வேண்டாமா? தம்பியின் ஏ.எல். ரியூஷன் காசு, கொழும்பில் அறை வாடகை, ஐஈஎல்ரிஎஸ் கட்டணம் எல்லாம் அத்தான் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள்மூலம், அனுப்பியது. ஸ்காபரோவில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் இரவிரவாகச் சட்டி கழுவி, விடிய பேப்பர் போட்டு அனுப்பிய காசு. கைகள் இரண்டும் சவர்க்காரத் தண்ணியில் வெடித்து, குளிர் காலத்தில் கையுறை போட்டால் உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்பார். வங்கியில் தம்பி காட்டிய காசிலும் பாதி எங்கள் சீட்டுக் காசு. வந்து இறங்கியது எங்கள் பேஸ்மென்ட்டில். ஒழுங்காக வந்தவனின் ஒவ்வொரு படியையும் தலை மாற்றின பாஸ்போட்டில் வந்தவர்தான் கட்டினார்.

இதைச் சொன்னால் தம்பி, “அதை நான் மறக்கேல்லை அக்கா. ஆனா அத்தானுக்கு உயிர்ப் பயம் இருந்தது, இப்ப வாறவைக்கு என்ன பயம்?” என்கிறான். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பிறகு வருகிறேன்.

எங்கள் மகள் நடுவில் நுழைந்து சொன்னது: “அப்பா இப்ப வந்திருந்தா மாமா அவருக்கு எதிரா வோட் போட்டிருப்பார்.” தம்பியே சிரித்துவிட்டான்.

ஜூன் 14, சனி

‘முறைக்குக் காத்திருக்கிறவர்கள்’ இடத்தை அகதி கேட்கிறவர்கள் எடுக்கிறார்களே என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் ஒருவர் காத்திருக்கிறார். என் அம்மா.

பெற்றோரை நிரந்தரமாகக் கூப்பிட, 2020 இலையுதிர் காலத்தில் ஒரு விருப்பப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினோம். அன்றைக்கு நிரப்பியவர்களின் பெயர்களில் இருந்துதான் இன்றுவரை சீட்டுக் குலுக்குகிறார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குப் பெயர் கொடுக்கவே வழி திறக்கவில்லை. ஆகவே அம்மா வந்து போவது பெற்றோர் வந்து தங்கிப் போவதற்காக 2011 டிசம்பரில் தொடங்கிய சூப்பர் விசாவில். குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தால்தான் விசா. அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷர். அந்தக் கட்டணத்தை வருடம்தோறும் கட்டும்போது எனக்கும் வயிறு எரியும். யாரோ ஒருவர் வந்து இறங்கி, அகதி என்று சொல்லி, மருத்துவ அட்டை எடுத்ததைக் கேட்டால் எனக்கும் ஒரு கணம் கோபம் வரும். வராது என்று நடிக்க மாட்டேன்.

ஆனால் அம்மாவின் இடத்தை அவர் எடுக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அரசு ஒரு திட்டம் போட்டு, ஒவ்வொரு வகைக்கும் தனி எண் குறிக்கிறது. 2025க்குப் பெற்றோர், பேரன் பேத்தி உள்ள முதியவர்கள் வகைக்கு 24,500. கனடாவுக்குள் அகதியாக ஏற்கப்பட்டவர்கள் நிரந்தர வதிவிடம் பெற 20,000. அகதி ஒருவரும் கேட்காவிட்டாலும் அம்மாவின் வகைக்கு அந்த 24,500தான்.

ஜூன் 15

நேற்று எழுதியதற்குத் தம்பியின் பதில் நியாயமானது, அதையும் போட்டுவிடுகிறேன். எண்கள் தனித்தனியாக இருக்கலாம், சனத்தின் மனநிலை ஒன்றுதான் என்கிறான். 2025க்கு மொத்தம் ஐந்து லட்சம் பேர் என்று சொல்லி வைத்திருந்த அரசு, 3,95,000 என்று குறைத்தது. படிப்பு விசாவுக்கு 2024 ஜனவரியில் உச்சவரம்பு வைத்தது. வீட்டு வாடகை ஏறினால், அவசர சிகிச்சையில் காத்திருப்பு நீண்டால், சனம் எந்த விசா என்று பார்த்துக் கோபப்படுவதில்லை. முகத்தைப் பார்த்துத்தான் கோபப்படுகிறது. கடைசியில் அடி எல்லா வகைக்கும் விழுகிறது.

இதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் சனம் முகத்தைப் பார்த்துக் கோபப்படுகிறது என்றால், அந்தக் கோபத்தில் நாங்களும் போய்ச் சேர்ந்துகொள்வதால் எங்கள் முகம் மாறிவிடுமா?

ஜூன் 22, ஞாயிறு

‘இப்ப வாறவைக்கு என்ன பயம்?’ என்ற தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று வீட்டில் பேசி, சம்பந்தப்பட்டவரும் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

அக்காவின் மகன் 2023இல் விசிற்றர் விசாவில் வந்தான். அந்த வருடம் விசா நிறையப் பேருக்கு இலகுவாகக் கிடைத்தது. தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களைக் குறைக்க, திரும்பிப் போவேன் என்று நிரூபிக்கும் நிபந்தனையைக்கூட அரசு சில காலம் தளர்த்தி வைத்திருந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் அகதிக் கோரிக்கை போட்டான். பிக்கறிங் பக்கம் ஒரு வெயர்ஹவுஸில் இரவு வேலை.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. “சண்டை முடிஞ்சு பதினாலு வருசம். இவன் ஏன் வந்தவன்?” என்று என்னிடம் கேட்டார். பெடியனிடம் நானே கேட்டேன். “எனக்கு இப்ப ஒருத்தரும் அடிக்கேல்லை சித்தி. வேலை இல்லை. 2022இல கடன் கட்ட ஏலாது எண்டு நாடே கையை விரிச்சிட்டுது. பெற்றோலுக்கு ரெண்டு நாள் லைனில நிண்டனான். பட்டப் படிப்பு முடிச்சு என்ன பிரயோசனம்?” என்றான். நேர்மையான பதில். கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது, ஏனென்றால் கனடாச் சட்டத்தில் அந்தப் பதிலுக்கு இடம் இல்லை.

ஆனால் அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அக்கா கிளிநொச்சியில் கலியாணம் செய்தவ. 2009 மே மாதம் சண்டையின் கடைசி நாட்களில், சனம் ஆமிப் பக்கம் வந்த வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது அக்காவின் கணவரை ஆமி பதிவுக்கென்று தனியாகக் கூப்பிட்டது. பிறகு அவரைக் கண்டவர் இல்லை. அப்போது இந்தப் பிள்ளைக்குப் பத்து வயதும் நிரம்பவில்லை, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான். பிறகு, சண்டையில் இருந்து வந்த சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கியபோது அக்காவும் போய் இருந்தா. அதற்குப் பிறகு சிஐடி வீட்டுக்கு வந்து, யார் வருகிறார்கள், யார் காசு தருகிறார்கள், மகன் எங்கே வேலை செய்கிறான் என்றெல்லாம் கேட்டுப் போகும்.

இவன் பொருளாதாரத்துக்காக வந்தவனா, அகதியா? தம்பிக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், படிவத்துக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவனுக்குள் இரண்டும் ஒட்டிக் கிடக்கிறது. 1990இல் என் கணவரிடமும் அப்படித்தான் இருந்தது. ஆமிக்குப் பயம், இயக்கம் பிடிக்கும் என்ற பயம், இரண்டு தங்கச்சிமாருக்குச் சீதனம் சேர்க்க வேண்டிய கடமை. ஹியரிங்கில் முதல் இரண்டையும் சொன்னார், மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 22, சேர்த்து எழுதுவது

அகதிக் கோரிக்கைக்குக் கதை எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் பெடியனை அவனுடைய நண்பர்கள் கூட்டிப் போயிருக்கிறார்கள். லோயரும் இல்லை, ஆலோசகர் அனுமதியும் இல்லை. அந்த ஆள் அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, “அது பழசு, காணாது” என்றாராம். வெள்ளை வான் ஒன்றில் ஏற்றிக் கடத்தி, ஒரு முகாமில் வைத்து அடித்து, காசு கொடுத்து வெளியே எடுத்ததாக எழுதலாம் என்றாராம். முன்பு எழுதியவற்றில் ஒன்றைக் காட்டியும் இருக்கிறார். பெயரை மறைத்துத்தான், ஆனால் பந்திக்குப் பந்தி தயாராக.

நான் அன்றைக்குக் கத்தியதுபோல என் பிள்ளைகளிடம்கூடக் கத்தியதில்லை. வட்டுவாகலில் தகப்பனைக் கொடுத்த பிள்ளைக்குப் பொய்க் கதை எதற்கு?

ஜூன் 29

போன கிழமை எழுதியதை வாசித்து, அப்படிக் கதை எழுதினால் யாருக்கு நட்டம், ஏழை பிழைக்கட்டும் என்று ஒரு அன்பர். நட்டம் யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

என் கணவரோடு வேலை செய்த ஒருவருக்கு முதுகில் சிகரெட் சுட்ட தழும்புகள் இருந்தன. உண்மையாகப் பட்டவர். ஆனால் தன் கதையைத் தானே எழுதத் தெரியாமல் அப்படியான ஒருவரிடம் காசு கொடுத்து எழுதுவித்தார். அந்த ஆள் இவருடைய உண்மைக்கு மேலே தன்னிடம் இருந்த பழைய பந்திகளை ஒட்டிவிட்டார். கேள்வி கேட்கும்போது பந்தியில் இருந்த திகதி ஒன்று, இவர் வாயில் வந்த திகதி இன்னொன்று. நம்பவில்லை. முதுகைக் காட்டியும் நம்பவில்லை. அவர் இப்போது இந்த நாட்டில் இல்லை.

ஆகவே பொய்க் கோரிக்கைகளைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு, தம்பியை விட அதிகமாகவே. அவனுடைய கோபம் பெயர் கெடுவதைப் பற்றியது. என்னுடையது அந்த மனிதரின் முதுகைப் பற்றியது.

இதற்கிடையில் ஜூன் 3 அன்று ஒட்டாவாவில் கொண்டுவந்த சி-2 மசோதாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2020 ஜூன் 24க்குப் பிறகு வந்தவர்கள், வந்து ஒரு வருடம் கடந்த பின் அகதி கேட்டால், அது அகதிச் சபையின் ஹியரிங்குக்குப் போகாது என்பதுதான் அதில் எங்கள் ஆட்களைத் தொடுகிற பகுதி. 1985 ஏப்ரல் 4 அன்று உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், அகதி கேட்கிறவர் நேரில் தன் வாயால் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. என் கணவர் நின்றது அந்தத் தீர்ப்பின் மேல்தான். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் தேங்கிக் கிடப்பது உண்மை. அதற்கு ஆளைக் கூட்டி விரைவாக விசாரிக்கலாம். பொய்யை விரைவாகத் தள்ளுவதும் உண்மையானவருக்கு நல்லதுதான். கேட்காமல் விடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

ஜூலை 1

கனடா தினம். பின்வளவில் தம்பி குடும்பம், பெடியன், அம்மா, எல்லோரும். கொத்துரொட்டியும் ஹொட்டோக்கும். தம்பி இந்த விவாதத்தை மறுபடி தொடங்க, அம்மா வெத்திலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னா: “நீ சொல்லுறது, பஸ்ஸில ஏறினவன் ‘ரைட், போ’ எண்டு மணி அடிக்கிற மாதிரிக் கிடக்கு.”

பீஸ் பிரிட்ஜ் பற்றியும் பேச்சு வந்தது. கேட்டவர்களுக்காக அதையும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 29 முதல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தரை எல்லையால் வந்து அகதி கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். அதில் ஒரு ஓட்டை இருந்தது: எல்லைச் சாவடி இல்லாத இடத்தால் வந்தால் அது பொருந்தாது. கியூபெக்கின் ரொக்ஸம் றோட் பாதை அப்படித்தான் பெயர் பெற்றது. 2023 மார்ச் 25 முதல் எல்லை முழுவதுக்கும் அதைப் பொருத்தி அடைத்துவிட்டார்கள். ஒரு விதிவிலக்கு: கனடாவில் நெருங்கிய உறவு இருந்தால் உள்ளே விடுவார்கள், சித்தியும் அதில் சேர்த்தி. ஆகவே பெடியன் பாலத்தால் வந்திருந்தாலும் என் பெயரைச் சொல்லி வந்திருப்பான். அவனுக்குக் குறை சொல்கிற அவன் சித்தப்பா, என் கணவர், இன்றைக்கு அதே பாலத்தில் வந்து நின்றால், இங்கே யாரும் இல்லாதவர் என்பதால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நீயும் இல்லை, பிள்ளையளும் இல்லை” என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

தமிழ் அகதிகளோடு சன் சீ கப்பல் கனடாவுக்கு வந்து இன்றோடு பதினைந்து வருடம். 492 பேர், பிள்ளைகள் உட்பட, பிரிட்டிஷ் கொலம்பியாவின் எஸ்குயிமால்ற்றில் கொண்டுவந்து இறக்கினார்கள். முந்திய ஒக்ரோபரில் ஓஷன் லேடி என்ற கப்பலில் 76 ஆண்கள் வந்திருந்தார்கள். சன் சீ வந்தது சண்டை முடிந்து ஏறக்குறைய ஒன்றே கால் வருடத்தில்.

இதில் முக்கியமான ஒன்றை நான் எங்கும் வாசிக்கவில்லை: அந்தக் கிழமை எங்கள் ஆட்களே என்ன சொன்னார்கள் என்பது. தமிழ் வானொலிக்கு எடுத்துப் பேசியவர்களில் இரண்டு விதமானவர்களும் இருந்தார்கள். “இவையால எங்கட பேர் போகுது” என்று அழுத்திச் சொன்னவர்களில் 80களில் ஏஜென்சி மூலம் வந்தவர்களும் இருந்தது எனக்குக் குரலிலேயே தெரிந்தது. என் கணவரிடம் வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒருவர், “உன்ர ஆக்களோ?” என்று கேட்டாராம். ஓம் என்று சொல்ல நா வரவில்லையாம். பொழுதுபட வீட்டுக்கு வந்து, கட்டாயம் போராடித்தான் ஆக வேண்டும் என்று தன்பாட்டில் சொல்லிவிட்டு, அந்த ஆட்களுக்காக நடந்த கூட்டத்துக்குக் காசு கொண்டுபோய்க் கொடுத்தார். வெட்கமும் பாசமும் ஒரே மனிதருக்குள் ஒரே நாளில்.

அந்தக் கப்பலில் வந்த ஆண்களைப் பல மாதம் சிறையில் வைத்தார்கள். கப்பலில் என்ஜின் அறையில் வெப்பநிலை பார்த்தவர், சமைத்தவர் என்று சிலரை ஆட்கடத்தல்காரர் என்று ஒதுக்கினார்கள். 2015 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம், தன் உயிருக்காகக் கூட வந்தவர்களோடு வேலை பகிர்ந்தவர் கடத்தல்காரர் இல்லை, லாபத்துக்காகச் செய்தவரே கடத்தல்காரர் என்று தெளிவாக்கியது. ஐந்து வருடம்.

பெற்றோர் சீட்டு ஜூலை 28 முதல் குலுக்கினார்கள், 17,860 அழைப்புகள். எங்களுக்கு வரவில்லை. அம்மாவுக்கு அடுத்த வருடக் காப்புறுதியைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெடியனின் விஷயம் என்னாயிற்று என்று கேட்டவர்களுக்கு.

லீகல் எயிட் என்ற சட்ட உதவி மூலம் ஒழுங்கான லோயர் ஒருவர் கிடைத்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டார். சட்டம் நடந்ததை மட்டும் பார்ப்பதில்லை, இப்போது திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்றுதான் கேட்கும் என்று விளங்கப்படுத்தினார். அக்காவின் போராட்டப் படங்கள், சிஐடி வந்துபோன திகதிகள், அக்காவின் கணவரின் பெயரில் செஞ்சிலுவைச் சங்கத்திலும் காணாமல் போனோர் அலுவலகத்திலும் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதிகள் எல்லாம் வேண்டும் என்றார். வெல்லும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அறிக்கையைப் பெடியன் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து தானே தமிழில் எழுதினான். வட்டுவாகல் பகுதி வந்தபோது எழுத முடியவில்லை. என் கணவர் பேனையை வாங்கி, “நீ சொல்லு, நான் எழுதுறன்” என்றார். அவன் வந்த நாளில் இருந்து இவர் அவனிடம் முகம் கொடுத்துப் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

தம்பிதான் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கிறான். எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்துக்குத் தன் பத்திரங்களை அடுக்கியதுபோலவே, திகதி வாரியாகப் பைல் போட்டுத் தந்திருக்கிறான். கருத்தை மாற்றிக்கொண்டானா என்றால் இல்லை. விசிற்றர் விசாவில் வந்து அகதி கேட்பதை நிறுத்த வேண்டும் என்றே இன்னும் சொல்கிறான். நேற்றும் சொன்னான், முறைப்பாட்டுப் பிரதிகளுக்கு இலக்கம் போட்டுக்கொண்டே.

பிரதிகளில் ஒன்று இன்னும் கிளிநொச்சியில் இருந்து வர வேண்டும். அக்கா திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறா.